ஸ்க்ரப்பில் பேரிட்டி பிழை: ‘ஃபிக்ஸ்’ கொடுக்கலாமா, பொறுக்கணுமா?

கூத்துப்பெட்டி

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு பேக்கப் பெட்டியில ஒரு சிக்கல். தெரிஞ்சவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க.

பெட்டி ஒரு பழைய டெஸ்க்டாப். டெபியன் லினக்ஸ், டிஸ்க் செத்தா மீட்கறதுக்கு ஸ்னாப்ரெய்டு, எல்லா டிஸ்க்கையும் ஒண்ணாக் காட்ட மேல மெர்ஜர்எஃப்எஸ். 8 டிபி டேட்டா டிஸ்க் நாலு, அதே 8 டிபியில பேரிட்டி (மீட்புக் கணக்கு எழுதற டிஸ்க்) ஒண்ணு. இது மொத்தமும் சேர்ந்ததுதான் அரே. உள்ள இருக்கிறது முக்கால்வாசி தெருக்கூத்து வீடியோ. திருவண்ணாமலை சுத்துப்பட்டுல திரௌபதி அம்மன் திருவிழாக்கள்ல விடிய விடிய ஆடின பாரதக் கூத்தை எங்க மாமா மினிடிவி (டிஜிட்டல் வீடியோ) கேசட்ல எடுத்து வச்சிருந்தார். ஃபயர்வயர் வழியா ஒண்ணொண்ணா ஏத்தினேன். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு சுமார் 13 ஜிபி வருது. அதுல ஆடின வாத்தியாருங்க சில பேர் இப்ப உயிரோட இல்ல. கேசட்லயும் சிலது பூஞ்சை பிடிச்சிடுச்சு. அதனால இந்தக் கோப்புங்க போனா திரும்ப வராது.

போன வாரம் கேபினட்டை மாத்தினேன். டிஸ்க்குக்கு இடம் பத்தலைன்னு நாலு போர்ட் சாட்டா கார்டு ஒண்ணும் போட்டேன். அதுக்கப்புறம் ஸ்க்ரப் (எழுதினது சரியா இருக்கான்னு படிச்சுப் பாக்கற சோதனை) ஓட்டினா இப்படி வருது:

டேட்டா எரர், கோப்பு ‘படுகளம்_கேசட்3’, பொசிஷன் 41233, வித்தியாச பிட் 63/128
டேட்டா எரர், கோப்பு ‘தபசு_கேசட்1’, பொசிஷன் 90817, வித்தியாச பிட் 66/128
டேட்டா எரர், பேரிட்டி, பொசிஷன் 118402, வித்தியாச பிட் 1/2097152

இது மாதிரி நிறைய வரி. கடைசில ‘அபாயம், அரேயில் பிழை இருக்கிறது’ன்னு சொல்லி, திருத்தி எழுதற ஃபிக்ஸ் ஓட்டச் சொல்லுது. ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலைமையைத் தானே சொல்ற அறிக்கை) எல்லா டிஸ்க்குலயும் ‘பாஸ்’னு காட்டுது. ஃபிக்ஸ் கொடுத்துடவா?

மின்னல்வரி

அதுவே ஃபிக்ஸ் ஓட்டுன்னு சொல்லுதே, ஓட்டுங்க. ஸ்மார்ட் பாஸ்னா டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. 128 பிட்டுக்கு 63 பிட் போயிருக்குன்னா பாதி டேட்டா கெட்டுப்போச்சு, லேட் பண்ணாதீங்க.

இரும்புத்தட்டு

தம்பி, ஃபிக்ஸ் வேண்டாம். இரவில் தானாக சிங்க் (புது மாற்றங்களுக்குப் பேரிட்டியைக் கணக்கிட்டு எழுதும் வேலை) ஓடும்படி வைத்திருந்தால் அதையும் இப்போதே நிறுத்துங்கள். புதிதாக எதையும் அந்தப் பெட்டிக்குள் போடாதீர்கள். படிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். எல்லா டிஸ்கிலும் ஒரே இடத்தில் இருக்கும் பிட்டுகளை எக்ஸார் செய்தால் (1களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் 1, இரட்டைப்படை என்றால் 0) வரும் விடைதான் பேரிட்டி. நாலு டிஸ்கில் 1, 0, 1, 1 என்று இருந்தால் பேரிட்டியில் 1. ஒரு டிஸ்க் செத்துப்போனால் மிச்சமிருப்பதை எக்ஸார் செய்து செத்ததை மீட்டுவிடலாம். எது செத்தது என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அது நடக்கும். எல்லா டிஸ்கும் உயிரோடு இருந்து கணக்கு மட்டும் உதைத்தால், தப்பு யாரிடம் என்று பேரிட்டிக்குச் சொல்லத் தெரியாது. மளிகைச் சிட்டையில் அடியில் போட்ட மொத்தம் தப்பு என்றால், அரிசி விலையைத் தப்பாக எழுதினார்களா, பருப்பு விலையையா, கூட்டலே தப்பா என்று அந்த மொத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, இல்லையா?

ஸ்னாப்ரெய்டில் ஒரு கூடுதல் வசதி உண்டு. ஒவ்வொரு 256 கிபி பிளாக்குக்கும் ஒரு 128 பிட் ஹாஷை (உள்ளே இருப்பதிலிருந்து கணக்கிட்ட, கைரேகை மாதிரியான எண்) தன் பதிவேடான கன்டென்ட் கோப்பில் எழுதி வைத்திருக்கிறது. அதனால்தான் எந்தக் கோப்பு, எந்த இடம் என்று உங்களுக்குச் சொல்ல முடிகிறது. அந்த 63/128 ஹாஷைப் பற்றியது. உள்ளே ஒரே ஒரு பிட் மாறினாலும் ஹாஷில் ஏறக்குறைய பாதி பிட்டுகள் மாறிவிடும். ஹாஷ் என்றாலே அப்படித்தான். ஆகவே பாதி டேட்டா போய்விட்டது என்று பதற வேண்டாம்.

உங்கள் மூன்றாவது வரிதான் என் கண்ணில் பட்டது. பேரிட்டிக்கு ஹாஷ் கிடையாது, பிளாக்கையே பிட் பிட்டாக ஒப்பிடுகிறது. 256 கிபியில் 2097152 பிட். அத்தனையிலும் ஒரே ஒரு பிட் மட்டும் வேறு. டிஸ்க் கெட்டால் பெரும்பாலும் இப்படி இருக்காது. டிஸ்க்குக்கு ஒவ்வொரு செக்டரிலும் தன் சொந்தப் பிழைதிருத்தக் குறியீடு உண்டு. ஒரு பிட் தப்பினால் அதுவே திருத்திக்கொள்ளும். திருத்த முடியாத அளவுக்குப் போனால் ‘படிக்க முடியவில்லை’ என்று கையை விரித்துவிடும். தனி ஒரு பிட்டை மாற்றிவிட்டு ‘எல்லாம் சரி’ என்று சொல்வது அதன் வழக்கமில்லை.

ஸ்க்ரப் பார்ப்பது தட்டில் இருப்பதை இல்லை. தட்டிலிருந்து கிளம்பி, டிஸ்கின் சொந்த கேஷ், கேபிள், கன்ட்ரோலர், மெமரி எல்லாம் தாண்டி வந்து சேர்ந்ததைத்தான் அது பார்க்கிறது. வழியில் எந்த இடத்திலும் கெட்டிருக்கலாம். தட்டில் உங்கள் படுகளம் பத்திரமாக இருந்து வழி மட்டும் பழுதாக இருந்தால், ஃபிக்ஸ் அந்தப் பழுதான வழியாகவே போய் நல்ல கோப்பின் மேல் எழுதும்.

இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள்:

ஸ்மார்ட்டில் ‘பாஸ்’ என்ற ஒற்றை வார்த்தையை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு டிஸ்கிலும் 5, 197, 198, 199 ஆகிய நாலு எண்களின் கடைசிப் பத்தியை எழுதி அனுப்புங்கள். 5 என்றால் மாற்றி ஒதுக்கிய செக்டர். 197 என்றால் படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர். 198 ஆஃப்லைன் சோதனையில் திருத்த முடியாதது. 199 கேபிளில் வந்த சிஆர்சி (அனுப்பியது அப்படியே வந்ததா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) பிழை.

கெர்னல் லாகில் (லினக்ஸ் எழுதி வைக்கும் பதிவில்) ‘ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்’ என்ற வரி இருக்கிறதா?

பிழை வந்த டிஸ்க்குகள் புதுக் கார்டில் மாட்டியவையா, மதர்போர்டில் நேரடியாக மாட்டியவையா?

அப்புறம், கார்டையும் கேபினட்டையும் தவிர வேறு எதையாவது மாற்றினீர்களா?

கோவை_லினக்ஸ்

இரும்புத்தட்டு அண்ணன் சொன்னதுக்கு ஒரு சேர்க்கைங்க. எம்டி ரெய்டு (லினக்ஸ்லயே வர்ற சாஃப்ட்வேர் ரெய்டு) வச்சிருக்கிறவங்க இதையும் தெரிஞ்சு வச்சுக்கோணும். டெபியன்ல மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை ‘செக்’ தானா ஓடும். மிஸ்மேட்ச் கவுண்ட் (ஒத்துப்போகாத இடங்களோட எண்ணிக்கை) பூஜ்யத்துக்கு மேல போனா எல்லாரும் உடனே ‘ரிப்பேர்’ கொடுத்துடறாங்க. ஒரு பேரிட்டி வைக்கிற ரெய்டு 5ல ரிப்பேர்ங்கறது வேற ஒண்ணுமில்லீங்க, டேட்டா எல்லாம் சரின்னு எடுத்துக்கிட்டு பேரிட்டியைப் புதுசா எழுதிடும். டேட்டா தப்பா இருந்தா அந்தத் தப்புக்கேத்த மாதிரி பேரிட்டி மாறிப்போயிடும். அதுக்கப்புறம் செக் ஓட்டினா பூஜ்யம்தான் வரும், ஆனா கோப்பு கெட்டதாவேதான் இருக்கும்.

ரெய்டு 6ல ரெண்டு பேரிட்டி இருக்கே, எது தப்புன்னு கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாமேன்னு தோணும். கணக்குப்படி முடியும்ங்க. ஆனா எம்டியோட ரிப்பேர் அப்படிப் பண்றதில்லை, ரெண்டு பேரிட்டியையும் திருப்பி எழுதிடும். அதுக்குன்னு தனியா ரெய்டு6செக்னு ஒரு கருவி இருக்குது.

ஒரே டேட்டாவை ரெண்டு டிஸ்க்குல எழுதற ரெய்டு 1ல ஸ்வாப் (ரேம் பத்தாதப்ப டிஸ்க்குல எடுத்துக்கிற இடம்) வச்சிருந்தா மிஸ்மேட்ச் சும்மாவே வரும், அதுக்குப் பயப்பட வேண்டியதில்லைங்க.

கூத்துப்பெட்டி

அண்ணா, சிங்க்கை நிறுத்திட்டேன்.

5, 197, 198 மூணும் எல்லா டிஸ்க்குலயும் பூஜ்யம். 199 மட்டும் ரெண்டு டிஸ்க்குல ஏறியிருக்கு, அது ரெண்டும் புதுக் கார்டுல இருக்கிறது. கெர்னல் லாக்லயும் அந்த ரெண்டுக்கும் ‘ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்’ வருது, அப்புறம் ‘சாட்டா வேகத்தை 3 ஜிபிபிஎஸ்ஸுக்குக் குறைக்கிறேன்’னு ஒரு வரி.

ஆனா பிழை எல்லா டிஸ்க்குலயும் வருதுண்ணா. படுகளம் இருக்கிறது மதர்போர்டுல மாட்டின டிஸ்க்.

இன்னொண்ணு, கேபினட் மாத்தும்போதே 8 ஜிபி ரேம் ஸ்டிக் ஒண்ணு பழசா வாங்கிச் சேர்த்தேன்.

மின்னல்வரி

199 ஏறுதுன்னா கேபிள்தான் குற்றவாளி. கேஸ் முடிஞ்சது.

இரும்புத்தட்டு

கேபிளை மாற்றத்தான் வேண்டும், அதில் மறுப்பில்லை. ஆனால் கேஸ் முடியவில்லை.

199 என்பது ‘கேபிளில் கெட்டு வந்தது, நான் பிடித்துவிட்டேன்’ என்ற எண்ணிக்கை. சிஆர்சி ஒத்துப்போகாத பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பக் கேட்பார்கள். அதனால் வேகம் குறையும், லிங்க் அறுந்து ஒட்டும், சில நேரம் டிஸ்க்கே அரேயை விட்டு விழுந்துவிடும். தப்பான டேட்டா சத்தமில்லாமல் உள்ளே வருவதற்கு அது மட்டும் போதாது. அதோடு, மதர்போர்டில் மாட்டிய டிஸ்கிலும் பிழை வருகிறதே? அந்தக் கேபிள்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எல்லா டிஸ்க்குக்கும் பொதுவாக இருப்பது மெமரி. என் சந்தேகம் அந்த ரேம் ஸ்டிக்கின் மேல்தான். ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு எதையும் கழற்ற வேண்டாம், முதலில் நிரூபிக்கலாம். இதே கோப்புகள் வேறெங்காவது உங்களிடம் இருக்கின்றனவா?

கூத்துப்பெட்டி

சமீபத்துல ஏத்தினது என் மெயின் கம்ப்யூட்டர்ல இருக்கு. பழசு எல்லாம் தஞ்சாவூர்ல அக்கா வீட்டு அலமாரில ஒரு வெளி டிஸ்க்குல இருக்கு. போன பொங்கலுக்குக் கொண்டுபோய் வச்சது.

இரும்புத்தட்டு

அக்கா வீட்டு அலமாரிக்கு ஒரு கும்பிடு. அந்த டிஸ்கை இப்போது வரவழைக்காதீர்கள், அங்கேயே இருக்கட்டும். இந்தப் பெட்டி குணமாகும் வரை இதில் அதை மாட்டவே கூடாது.

மெயின் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு கோப்பை எடுத்து, அதே கோப்பை அரேயிலிருந்து படித்து சிஎம்பி மைனஸ் எல் என்ற கட்டளையைக் கொடுத்து ஒப்பிடுங்கள். எத்தனையாவது பைட்டில் வித்தியாசம், இங்கே என்ன, அங்கே என்ன என்று வரிசையாகக் கொடுக்கும். பைட்டின் மதிப்புகள் ஆக்டலில், அதாவது எட்டை அடிமானமாகக் கொண்ட எண்களில் இருக்கும். ஒப்பிடும் வேலை மெயின் கம்ப்யூட்டரில் நடக்கட்டும், கோப்பு மட்டும் நெட்வொர்க் வழியாக வரட்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். ஒரு முறை படித்ததை லினக்ஸ் மெமரியிலேயே பேஜ் கேஷில் வைத்துக்கொள்ளும். மறுபடி கேட்டால் டிஸ்க்குக்குப் போகாமல் அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கும். கெட்ட ரேமில் விழுந்த பக்கம் அப்படியே கிடந்தால், எத்தனை தடவை கேட்டாலும் ஒரே இடத்தில் ஒரே பிழைதான் வரும். ‘திரும்பத் திரும்ப ஒரே இடம், அதனால் டிஸ்க்தான்’ என்று பலர் ஏமாறுவது இங்கேதான். ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் முன்னால் கேஷைக் காலி செய்யுங்கள், இல்லையென்றால் பெட்டியை ரீபூட் செய்யுங்கள்.

பனங்கூடல்

இடையில குறுக்கிடுறதுக்கு மன்னியுங்கோ. யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். என்னட்ட இருக்கிறது அன்ரெய்டு எண்ட இன்னொரு அரே மென்பொருள், ஒரு பேரிட்டி. 2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நேரத்தில யுபிஎஸ் தாக்குப்பிடிக்காமல் பெட்டி அடிக்கடி டக்கெண்டு நிண்டு போகும். திரும்பப் போட்டதும் பேரிட்டி செக் ஓடி, கொஞ்சப் பிழை காட்டும். ‘திருத்தி எழுது’ எண்ட பெட்டியில புள்ளடி போட்டு ஓட்டினால் அடுத்த முறை பூச்சியம். அது பிழையான வேலையோ? நீங்கள் சொல்லுறதைப் பாத்தால் எனக்கு இப்ப பயமாக் கிடக்கு.

இரும்புத்தட்டு

பயப்பட வேண்டாம் அம்மா, உங்கள் கதை வேறு. அரே டேட்டா டிஸ்கிலும் பேரிட்டியிலும் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால், ஒன்றில் எழுதி முடிந்திருக்கும், இன்னொன்றில் முடிந்திருக்காது. அதனால் வருகிற சில்லறைப் பிழைகளில் டேட்டா பக்கத்தை ஃபைல் சிஸ்டத்தின் ஜர்னல் (எழுதப்போவதை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவு) சரிபார்த்துக்கொள்கிறது, பேரிட்டி பின்தங்கிவிடுகிறது. அங்கே பேரிட்டியைத் திருத்தி எழுதுவதுதான் சரி.

ஆனால் அன்ரெய்டின் பேரிட்டிக்கு ஹாஷ் துணை கிடையாது. எந்த டிஸ்க் தப்பு என்று அதற்குத் தெரியவே தெரியாது, பேரிட்டிதான் தப்பு என்று எடுத்துக்கொண்டு எழுதிவிடும். அதனால் மாதா மாதம் தானாக ஓடும் செக்கில் அந்தப் புள்ளடியை எடுத்துவிடுங்கள். கரண்ட் போன சம்பவம் எதுவும் இல்லாமல் பிழை காட்டினால், திருத்தாமல் இன்னொரு முறை ஓட்டி லாகில் வரும் செக்டர் எண்களை ஒப்பிடுங்கள். இரண்டிலும் ஒரே எண்கள் வந்தால் பிழை தட்டில் எழுதப்பட்டே இருக்கிறது. எண்கள் இடம் மாறி மாறி வந்தால் படிக்கிற வழியில் கோளாறு. அப்போது திருத்தி எழுதினால் நல்ல பேரிட்டியைக் கெடுத்ததாகிவிடும்.

கோப்புகளுக்குத் தனியாக ஹாஷ் எடுத்து வைக்கும் பிளக்கின் அன்ரெய்டுக்கு உண்டு. போட்டுக்கொண்டால் உங்களுக்கும் கேள்வி கேட்க ஒரு சாட்சி கிடைக்கும்.

பனங்கூடல்

நன்றி அண்ணா. புள்ளடியை எடுத்திட்டன்.

கூத்துப்பெட்டி

அண்ணா, ஒப்பிட்டுப் பாத்துட்டேன். ஒரு 13 ஜிபி கோப்பு. பைட் எண்ணை விட்டுட்டு வித்தியாசத்தை மட்டும் போடறேன். இடது பக்கம் மெயின் கம்ப்யூட்டர், வலது பக்கம் அரே:

105 101
144 140
067 063

கேஷைக் காலி பண்ணிட்டு மறுபடி ஒப்பிட்டேன். இந்த மூணு இடமும் சரியாயிடுச்சு. ஆனா வேற ரெண்டு இடத்துல வித்தியாசம் வருது:

146 142
125 121

ஒண்ணும் புரியல. ஒரே கோப்பு எப்படி ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி கெடும்?

இரும்புத்தட்டு

கோப்பு கெடவில்லை தம்பி. தட்டில் அது முழுசாக இருக்கிறது. அந்த எண்களைப் பாருங்கள். 105 என்பது இருமத்தில் 01000101. 101 என்பது 01000001. 144ஐ எடுத்தால் 01100100, 140ஐ எடுத்தால் 01100000. 067, 063 ஜோடியிலும் அதே கதை. எல்லா ஜோடியிலும் ஒரே வித்தியாசம், நாலு. வலமிருந்து மூன்றாவது பிட் 1 ஆக இருக்க வேண்டிய இடத்தில் 0 ஆகிவிடுகிறது. இடம் மாறுகிறது, பிட் மாறவில்லை.

டிஸ்க் கெட்டால் இப்படி வராது. 512 பைட்டோ 4096 பைட்டோ கொண்ட ஒரு துண்டு மொத்தமாகக் குப்பையாகவோ பூஜ்யமாகவோ வரும். ஒரே பிட், அதுவும் எப்போதும் 1லிருந்து 0க்குச் சாய்கிறது என்றால், ரேம் சிப்பில் ஒரு செல்லோ ஒரு கம்பியோ 1ஐப் பிடித்து வைக்க முடியாமல் போயிருக்கிறது. கோப்பு அந்த முகவரியில் போய் விழும்போதெல்லாம் அந்த பிட் விழுகிறது.

இப்போது ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸை யுஎஸ்பியில் போட்டு இரவு முழுக்க ஓட்டுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போட்டிருந்தால் முதலில் அப்படியே ஓட்டி, பிழை வந்தால் அதை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இரண்டு ஸ்டிக்கையும் தனித்தனியாகவும் சோதியுங்கள்.

நீலக்குளம்

இதுக்குத்தான் ஆரம்பத்துலயே இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் போடணும்னு நான் எப்பவும் சொல்றது. செக்சம் (ஹாஷ் மாதிரி சரிபார்ப்பு எண்) எல்லாம் அதுவே பார்த்துக்கும். முன்னாடி டிஸ்க் ஒண்ணொண்ணா சேர்க்க முடியாதுன்னு ஒரு குறை இருந்துச்சு. 2025 ஜனவரில வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3ல ரெய்டுஇசட் விரிவாக்கமும் வந்தாச்சு.

இரும்புத்தட்டு

இசட்எஃப்எஸ் நல்ல சாமான், நானும் அலுவல் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஆனால் இந்தக் கேஸில் அதுவும் இதே இடத்தில்தான் தவித்திருக்கும். எல்லா டிஸ்க்குக்கும் நேரே செக்சம் பத்தியில் எண்கள் ஏறியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ரேமில் ஒரு பிட் விழுந்த பிறகு செக்சம் போட்டால், விழுந்த பிட்டுக்குத்தான் அது சாட்சிக் கையெழுத்துப் போடும். அதற்கு மருந்து, விழுந்த பிட்டைத் தானே திருத்திக்கொள்ளும் ஈசிசி மெமரி. பல ரைசன் சிபியுக்கள் ஈசிசிக்கு ஒத்துழைக்கும், போர்டும் ஒத்துழைக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். திரும்ப வராத கோப்புகளை வைத்திருப்பவர் அடுத்த முறை பெட்டி மாற்றும்போது அந்தச் செலவைச் செய்வது நியாயம்.

வருஷத்தில் சில வீடியோ மட்டும் சேர்கிற, சேர்ந்த பிறகு மாறாத குவியலுக்கு ஸ்னாப்ரெய்டு பொருத்தமானது. ஒரு டிஸ்கைக் கழற்றி வேறு எந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் கோப்புகளை நேராகப் படிக்கலாம். பேரிட்டி தாங்கும் அளவுக்கு மேல் டிஸ்க்குகள் செத்தாலும் மிச்ச டிஸ்கில் இருப்பது போகாது. அதற்காகவே கூத்து வீடியோ மாதிரியான சேகரிப்புக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

கூத்துப்பெட்டி

மெம்டெஸ்ட் முடிஞ்சது. நீங்க சொன்னதேதான். புதுசா சேர்த்த ஸ்டிக்குல சிவப்பு வரி வரியா வருது, எக்ஸ்எம்பியை அணைச்சாலும் வருது. முன்னாடியே இருந்த ஸ்டிக்கை மட்டும் போட்டு ஓட்டினா ஒண்ணுமில்ல. கெட்டதைக் கழட்டி எடுத்துட்டேன். கார்டுல இருந்த ரெண்டு கேபிளையும் மாத்தியாச்சு. 199 இப்ப ஏறல.

இனிமே ஃபிக்ஸ் கொடுக்கலாமா?

மின்னல்வரி

கெட்ட ரேம் பகுதியை மட்டும் கெர்னல்கிட்ட சொல்லி ஒதுக்கி வைக்கலாமே? லினக்ஸைக் கிளப்பி விடற கிரப்ல பேட்ரேம்னு ஒரு ஆப்ஷன் உண்டு. 8 ஜிபி வீணாப் போகுதே.

இரும்புத்தட்டு

மின்னல்வரி, விளையாட்டுக்கு வைத்த பெட்டி என்றால் செய்யலாம். இன்று ஒரு முகவரியில் கெட்ட சிப் நாளைக்கு இன்னொரு முகவரியில் கெடாது என்று யார் சொல்வது? பேக்கப் பெட்டிக்கு வேண்டாம்.

கூத்துப்பெட்டி, ஃபிக்ஸுக்கு இன்னும் ஒரு படி பாக்கி. கெட்டது என்று குறித்து வைத்த பிளாக்குகளை மட்டும் மறுபடி படிக்கச் சொல்லலாம், ஸ்னாப்ரெய்டு மைனஸ் பி பேட் ஸ்க்ரப். நல்ல ரேமில் படிக்கும்போது ஹாஷ் ஒத்துப்போனால் அந்தக் குறி தானாகவே அழிந்துவிடும். மிச்சம் நிற்பதுதான் உண்மையான பிழை. அந்தப் பட்டியலை இங்கே போடுங்கள்.

கூத்துப்பெட்டி

ஓட்டினேன்ணா. கோப்புப் பிழை ஒண்ணுகூட மிஞ்சல! படுகளம், தபசு எல்லாம் சரியாயிடுச்சு. பேரிட்டி பிழை மட்டும் கொஞ்சம் நிக்குது, எல்லாத்துலயும் 1/2097152, இல்லைன்னா 2/2097152.

இரும்புத்தட்டு

மனசு நிறைந்தது. இப்போது கணக்கு தெளிவாகிவிட்டது. கோப்புகள் முதலிலிருந்தே தட்டில் சரியாகத்தான் இருந்தன, படிக்கும்போதுதான் தப்பாக வந்தன. பேரிட்டியில் நிற்பது, கெட்ட ரேம் இருந்த நாட்களில் சிங்க் ஓடியபோது கணக்குப் போட்டு எழுதியது. அது உண்மையிலேயே தட்டில் தப்பாக இருக்கிறது. இனி ஸ்னாப்ரெய்டு மைனஸ் ஈ ஃபிக்ஸ் கொடுங்கள், குறி வைத்த பிளாக்குகளை மட்டும் திருத்தும். முடிந்ததும் மறுபடி மைனஸ் பி பேட் ஸ்க்ரப்.

இதோடு விடாதீர்கள், அரேயால் சொல்லவே முடியாத பிழை ஒன்று இருக்கிறது. அந்த ரேம் ஸ்டிக் இருந்த காலத்தில் அரேக்குள் புதிதாகப் போட்ட கோப்புகள் எழுதும்போதே கெட்டிருக்கலாம். சிங்க் பிறகு தட்டில் இருப்பதைப் படித்து ஹாஷ் போட்டிருக்கும். கெட்டதுக்கே ஹாஷ் போட்டால் எத்தனை ஸ்க்ரப் ஓட்டினாலும் ‘சரி’ என்றுதான் வரும். அதற்கு முந்தைய கோப்புகளின் ஹாஷ் நல்ல ரேமில் போட்டது, அவற்றை நம்பலாம். ரேம் மாட்டிய தேதியிலிருந்து கழற்றிய தேதி வரை சேர்ந்த கோப்புகளைத் தனியாகப் பட்டியலிட்டு, மெயின் கம்ப்யூட்டரில் இருக்கும் மூலத்தோடு ஒவ்வொன்றாக எஸ்எச்ஏ256 ஹாஷ் எடுத்து ஒப்பிடுங்கள். அதற்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியைப் போட்டால் மைனஸ் சி கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் அளவும் தேதியும் ஒன்று என்று பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விடும்.

இனிமேல் சிங்க் ஓட்டும்போது மைனஸ் எச் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுக் கோப்புகளை முதலில் ஒரு முறை படித்து ஹாஷ் எடுத்துவிட்டு, பேரிட்டி கணக்குக்கு இன்னொரு முறை படிக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சத்தம் போடும். நேரம் கூடுதலாகும், ஆனால் இந்த மாதிரி ரேம் கோளாறு அன்றைக்கே தெரிந்துவிட வாய்ப்பு அதிகம்.

கோவை_லினக்ஸ்

அருமைங்க அண்ணா. கூத்துப்பெட்டி, அந்தக் கார்டுல போர்ட் மல்டிப்ளையர் சிப் இருக்குதான்னும் ஒருக்கா பாத்துக்கோங்க. ஒரே சாட்டா லேனை நாலு டிஸ்க்குக்குப் பங்கு போடற மலிவு கார்டுகள்ல, ஸ்க்ரப் மாதிரி எல்லா டிஸ்க்கையும் ஒரே நேரத்துல கசக்கற வேலை கொடுத்தா ஒரு டிஸ்க்கோட கோளாறுல மத்ததும் சேர்ந்து தொங்கும்ங்க.

கூத்துப்பெட்டி

பேரிட்டி சரியாயிடுச்சு, முழு ஸ்க்ரப்பும் சுத்தம். கார்டையும் பாத்தேன், மல்டிப்ளையர் இல்ல.

ரெண்டு கோப்புல சந்தேகம்ணா. ஒண்ணு ஒப்பிட்டப்ப வித்தியாசம் வந்துச்சு, மெயின் கம்ப்யூட்டர்ல இருந்ததை வச்சு மாத்திட்டேன். இன்னொண்ணு, ‘கர்ணமோட்சம்_கேசட்2’, முதல்லயே அரேல நேரா கேப்சர் பண்ணது. மூலம்னு எதுவும் இல்ல. ஒப்பிட ஒண்ணுமே இல்லாம எப்படிக் கண்டுபிடிச்சேன்னா, ஒரு இடத்துல ஒரு ஃப்ரேம்ல மட்டும் வாத்தியார் கிரீடத்துக்குப் பக்கத்துல ஒரு சின்னக் கட்டம் நிறம் மாறித் தெரியுது. ரேம் வேலையா, கேசட்டே அப்படியான்னு தெரியல. கேசட் இருக்கு, மறுபடி ஏத்தட்டா?

ஸ்க்ரப்பை எவ்வளவு நாளுக்கு ஒரு தடவை ஓட்டலாம்னும் சொல்லுங்க.

இரும்புத்தட்டு

மினிடிவியின் டிஜிட்டல் வீடியோ ஃபார்மட்டில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டது. அதனால் ஒரு பிட் விழுந்தால் அந்த ஒரு ஃப்ரேமில் ஒரு சின்னக் கட்டத்தோடு நின்றுவிடும். இதே பிட் எச்264 கோப்பில் விழுந்திருந்தால் அடுத்த கீஃப்ரேம் (முந்தைய படங்களை நம்பாத முழு ஃப்ரேம்) வரை படம் கலங்கியிருக்கும். மாமா மினிடிவியில் எடுத்ததும், நீங்கள் மேலும் சுருக்காமல் அப்படியே வைத்ததும் நல்லதாகப் போயிற்று.

மறுபடி ஏற்றுங்கள். ஆனால் பழையதை அழிக்காதீர்கள், பக்கத்திலேயே வையுங்கள். இரண்டின் ஹாஷும் ஒத்துப்போகாது, அதைக் கண்டு திகைக்க வேண்டாம். டேப்பில் தேய்ந்த இடங்களை ஒவ்வொரு முறையும் டெக் (கேசட் ஓட்டும் கருவி) வேறு மாதிரி நிரப்பும், அதோடு கேப்சர் தொடங்கும் ஃப்ரேமும் முன்பின் ஆகும். டைம்கோடை வைத்து அந்த ஒரு ஃப்ரேமுக்குப் போய் இரண்டையும் பாருங்கள். புதியதில் கட்டம் இல்லையென்றால் ரேம் செய்த வேலையாக இருக்கலாம், டெக் போன முறை சரியாகப் படிக்காததாகவும் இருக்கலாம். எப்படியானாலும் உங்களுக்கு நல்ல ஃப்ரேம் கிடைத்துவிட்டது. புதியதிலும் அதே இடத்தில் இருந்தால் கேசட்டில் இருப்பதே அதுதான். பூஞ்சை பிடித்த கேசட்டை மட்டும் நல்ல டெக்கில் போட்டுவிடாதீர்கள், ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும்.

ஸ்க்ரப்புக்கு எதுவும் கொடுக்காமல் விட்டால், பத்து நாளைக்கு மேல் பார்க்காத பிளாக்குகளிலிருந்து அரேயில் 8 சதவீதத்தை எடுத்துப் பார்க்கும். வாரம் ஒரு முறை வைத்தால் மூன்று மாதத்தில் முழு அரேயும் ஒரு சுற்று வந்துவிடும். உங்களுக்கு அது போதும். ரேமோ கேபிளோ கார்டோ எதை மாற்றினாலும், அன்றைக்கு சிங்க்குக்கு முன்னால் ஒரு முழு ஸ்க்ரப்.

கூத்துப்பெட்டி

சரிண்ணா. டெக்கை ஹெட் கிளீன் பண்ணிட்டு ஞாயித்துக்கிழமை கர்ணமோட்சத்தை ஏத்தறேன்.